அத்தை காய்ச்சித் தந்த மானெல் கஷாயம்

வாசகர் கடிதம்:

வணக்கம் டொக்டரம்மா. எனக்கு 46 வயது. போகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். ஆறு மாதமாக மாதவிலக்கு ஒழுங்கில்லை. வந்தால் பத்து, பன்னிரண்டு நாள் போகிறது. கட்டி கட்டியாகவும் படுகிறது. போன வாரம் ஒரே ஏற்றத்தில் இரண்டு தரம் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றேன். அத்தை, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, இது பெரும்பாடு, மானெல் (நீல அல்லி) பூக் கஷாயம் குடித்தால் நிற்கும் என்கிறார். கொழுந்தனார் கண்டியிலிருந்து நீல மானெல் ஒரு கட்டு வாங்கி வந்தார். காயவைத்து எட்டு நாளாகக் குடிக்கிறேன். கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. தொடரலாமா? வீட்டுக்காரருக்குச் சீனி வருத்தம். குளிசையை விட்டுவிட்டு ஓலு அரிசி சாப்பிடு என்கிறார் அத்தை. கொழும்பில் வேலை செய்யும் மகள் தூக்கத்துக்கென்று 'ப்ளூ லோட்டஸ் டீ' ஒன்லைனில் வாங்கியிருக்கிறாள். அதுவும் இதுவும் ஒரே பூவா? கண் எரிச்சலுக்கு இந்தப் பூச்சாற்றைக் கண்ணில் விடலாமா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

பூவைப் பற்றி நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்ற அந்த வரியைத்தான். சின்ன வயதிலிருந்து மலை ஏறிப் பழகிய ஒருத்திக்குத் தெரிந்த ஏற்றத்திலேயே மூச்சு வாங்குகிறது என்றால் உடம்பில் இரத்தம் நன்றாகக் குறைந்திருக்கக்கூடும். அதனால் பூக்கதைக்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வாரத்துக்குள் இரத்தம் சோதித்துப் பாருங்கள். அதுவரை கஷாயத்தை நிறுத்தி வையுங்கள்.

நிறுத்தச் சொல்வதால் அத்தை சொன்னது தவறு என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாடு என்ற சொல்லை இப்போது என்னிடம் வருகிறவர்களில் பலர் அறிவதில்லை. 'ஓவர் பிளீடிங்' என்றுதான் சொல்கிறார்கள். கைதடியில் சித்த மருத்துவம் படித்த காலத்தில் ஏட்டில் பார்த்த சொல்லை உங்கள் வீட்டில் ஒருவர் வாயால் சொல்கிறார் என்பதே எனக்குச் சந்தோஷம். அத்தை ஒருகாலத்தில் வவுனியாப் பக்கம் இருந்தவரோ என்று ஒரு சந்தேகம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு அந்தப் பக்கம் போய்க் குளக்கரையில் குடியிருந்து திரும்பியவர்கள் நம் லயங்களில் உண்டு. மானெலும் ஓலுவும் நம் மலையில் பிறந்த பேச்சு இல்லை. அல்லி இனம் வெயிலும் சேறும் தேங்கிய தண்ணீரும் கேட்கிற செடி. அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், வவுனியாக் குளங்களில் அது தானாகப் படரும். நம் குளிரில் அதைப் பார்ப்பதே அபூர்வம். பழைய தமிழர் மலைக்குக் குறிஞ்சியை வைத்தார்கள், நீல அல்லியின் பெயரான நெய்தலைக் கடற்கரைக்கு வைத்தார்கள். கவிஞர்கள் வைத்த கணக்கென்றாலும் செடி விஷயத்தில் பிழை சொல்ல முடியாது.

சரி, மருந்து விஷயத்துக்கு வருவோம். நல்ல மானெல் இதழ் ஒன்றை வாயில் போட்டு மென்று பாருங்கள். முதலில் ஒரு மெல்லிய இனிப்பு, அப்புறம் நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு. அதிக நேரம் ஊறிப்போன சாயத்தண்ணி குடித்தால் கன்னத்தின் உட்பக்கம் எப்படி இறுகுமோ அப்படி. நம் வைத்தியம் இந்த இரண்டு சுவையையும் வைத்துத்தான் அல்லியைக் கணக்குப் பார்க்கிறது. குளிர்ச்சி சூட்டைத் தணிக்கும், துவர்ப்பு ஓடுவதைச் சுருக்கிப் பிடிக்கும். மூக்கால் இரத்தம் வருவது, இரத்த மூலம், பெரும்பாடு, நீர்க்கடுப்பு, தீராத தாகம், கண் எரிச்சல் எல்லாவற்றுக்கும் இது சொல்லப்பட்டது அந்தக் கணக்கில்தான். ஆயுர்வேதக்காரர்களும் இதே வழிதான். சிறுநீரின் நிறத்தைச் சரிசெய்ய என்று சரக சம்ஹிதை எண்ணிச் சொல்லும் பத்துச் சரக்கில் ஏழு, தாமரையும் அல்லியும் அவற்றின் வகைகளும். வெறும் அழகுக்காக அத்தனை இடம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அதே மரபில் யாரும் கேட்டவுடன் கஷாயத்தை இறக்கித் தரவில்லை. நாடி பார்த்து, நாவைப் பார்த்து, எத்தனை நாள், என்ன நிறம், கட்டி உண்டா என்றெல்லாம் கேட்ட பிறகுதான் சரக்கைத் தொட்டார்கள். நான் அதை ஒழுங்காகச் செய்யாத ஒரு காலம் இருந்தது. ஹட்டனில் வைத்தியம் தொடங்கிய புதிதில் உங்களைப் போலவே ஒரு அம்மா வந்தார். இடுப்பில் படங்கு கட்டியபடி, மலையிலிருந்து நேரே. துவர்ப்புச் சரக்குகள் சேர்த்துக் கஷாயம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் குறைந்தது என்றார். எனக்குப் பெருமை. மூன்றாம் மாதம் அவருடைய உதடு வெளுத்திருப்பதை அவர் சொல்லி இல்லை, அவர் பேசும்போது தற்செயலாகத்தான் கவனித்தேன். சோதித்தால் ஹீமோகுளோபின் 6. ஸ்கேனில் கர்ப்பப்பையில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி. என் கஷாயம் அவருக்கு நஞ்சாகவில்லை. ஆனால் 'குறைகிறது' என்ற அந்த ஒரு வார்த்தையில் நானும் அவரும் மூன்று மாதம் ஏமாந்திருந்தோம். உங்கள் கடிதத்திலும் அதே வார்த்தை இருக்கிறது. எட்டு நாளில் குறைந்தது கஷாயத்தாலா, இல்லை பன்னிரண்டு நாளில் எப்படியும் நிற்க வேண்டியது நின்றதாலா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

46 வயதில் இப்படி ஆவதற்குக் காரணம் பல. மாதவிலக்கு நிற்கப் போகிற காலத்துத் தடுமாற்றமாக இருக்கலாம், அதுதான் அதிகம் காண்பது. கர்ப்பப்பைக் கட்டி, உள்ளே சின்னச் சதை வளர்ச்சி, தைரோயிட் குறைவு, இவையும் இருக்கலாம். அபூர்வமாகக் கர்ப்பப்பையின் உள்தோலில் புற்று. பயமுறுத்தச் சொல்லவில்லை. 45 தாண்டிப் புதிதாகப் பெரும்போக்கு வந்தால் ஸ்கேன் எடுக்காமல் யாரும் தைரியம் சொல்லக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன். உங்கள் கட்டிகள் எந்த அளவு என்று நீங்கள் எழுதவில்லை. காசு அளவுக்கு மேல் இருந்தால் டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனைந்து அது இரண்டு மூன்று மணித்தியாலம் தொடர்ந்தால், தலை சுற்றினால், நெஞ்சு படபடத்தால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இனி அந்தப் பூ. கண்டியில் எங்கே வாங்கினார் என்று நீங்கள் எழுதவில்லை, தலதா மாளிகைப் பக்கத்துப் பூக்கடையாகத்தான் இருக்கும். ஒரு கேள்வி: நிறம் நல்ல கடும் ஊதாவா, இல்லை வெள்ளையில் நீலம் கரைத்த மாதிரி வெளிர் நீலமா? நம் நாட்டுக் குளத்து மானெல் வெளிர் நீலம்தான், சில இடத்தில் வெள்ளை என்றே சொல்லலாம். 1986 இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது அது. ஆனால் படங்களிலும் பூசைத் தட்டுகளிலும் நாம் 'நீல மானெல்' என்று பார்த்துப் பழகிய கடும் ஊதாப் பூ நாட்டுப் பூவே இல்லை, அலங்காரச் செடியாக வந்து நம் நீர்நிலைகளில் பரவிய ஒரு கலப்பினம் என்று பேராதனைத் தாவரவியலாளர்கள் பிற்பாடு எடுத்துச் சொன்னார்கள். பழைய வைத்தியர்கள் குணம் சொன்ன பூ இந்தக் கலப்பினம் அல்ல. சாமிக்கு வைக்க நிறம் போதும், வயிற்றுக்குள் போவதற்கு நிறம் போதாது.

பூ மட்டும் கையில் இருந்தால் இனம் பிரிப்பது கஷ்டம். இலையோடு பார்த்தால் சுலபம். தாமரை இலை தண்ணீருக்கு மேலே குடை மாதிரி எழும்பி நிற்கும், வட்டத்தில் வெட்டு இருக்காது. அல்லி இனத்தின் இலை தண்ணீரில் படுத்துக் கிடக்கும், காம்பு வரைக்கும் ஒரு பிளவு ஓடும். அதற்குள்ளும் வெள்ளை அல்லி, சிங்களத்தில் ஓலு என்பது, ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும், அடிப்பக்கத்தைத் தடவினால் மெல்லிய பூனைமயிர் தட்டுப்படும். மானெல் இலைக்கு அடிப்பக்கம் வழவழப்பு. பூக்கும் நேரமும் வேறு. மானெல் காலையில் விரிந்து பின்னேரம் மூடும். வெள்ளை அல்லி இரவில் விரிந்து வெயில் ஏறும்போது சுருங்கிவிடும்.

இன்னொன்று. பூசைக்கு விற்கும் பூவைச் சாப்பாட்டுப் பொருள் மாதிரி யாரும் வளர்ப்பதுமில்லை, பாதுகாப்பதுமில்லை. குளம் என்றால் வயல் தண்ணீர் வடிந்து சேரும் இடம், வயலுக்கு அடித்த மருந்தும் உரமும் அங்கேதான் போகும். சேற்றில் வேர் விடுகிற செடி அதையெல்லாம் உறிஞ்சத்தான் செய்யும். இதே காரணத்தால் தோட்டத்து ஓடை தேங்கும் இடத்தில் ஏதாவது பூத்திருந்தாலும் பறிக்காதீர்கள். கொழுந்து மலைக்கு என்ன அடிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நீங்கள் காயவைத்த விதமும் எனக்குக் கவலைதான். அல்லி இதழ் சதைப்பற்றானது, ரோஜா இதழ் மாதிரி ஒரு நாளில் உலராது. போகவந்தலாவைப் பனியில் தகரத்தில் பரப்பினால் பகலில் வெந்து இரவில் நனைந்து திரும்பக் காயும். வெளியே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் பூஞ்சணம் பிடிக்கும். பொட்டலத்தில் மீதி இருந்தால் ஒரு இதழை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால், மடித்தால் ஒடியாமல் தோல் மாதிரி வளைந்தால், ஈரச் சாக்கு வாசம் அடித்தால், அப்படியே கொட்டிவிடுங்கள். சரியாகச் செய்கிறவர்கள் பச்சைப் புறவிதழைக் கழற்றி, நடுவிலிருக்கும் மஞ்சள் கேசரத்தை எடுத்துவிட்டு, இதழை ஒன்றன்மேல் ஒன்று படாமல் துணியில் பரப்பி, காற்றோடும் நிழலில் ஒடியும்வரை உலர்த்துவார்கள். நம் மழைக்காலத்தில் அது நடக்காது.

காய்ச்சுவதிலும் பெரும்பாலோர் ஒரு தவறு விடுகிறார்கள். பட்டை, வேர்க் கஷாயத்துக்கு நம் நாட்டு முறை எட்டுக்கு ஒன்று: 60 கிராம் சரக்குக்கு எட்டுக் கோப்பைத் தண்ணீர் விட்டு ஒரு கோப்பையாக வற்றவைப்பது. பூவுக்கும் அதையே செய்து, கறுத்த ஒரு கசடு இறக்குகிறார்கள். மென்மையான பூவுக்கு நூல் சொல்வது ஊறல். ஒரு பங்கு காய்ந்த இதழுக்கு ஆறு பங்கு கொதித்தாறிய தண்ணீர் விட்டு, மூடி, இரவு முழுக்க வைத்து, காலையில் கசக்கி வடிகட்டுவது. வாசமும் குணமும் அதில்தான் நிற்கும். உங்கள் ரிப்போர்ட்டுகள் வந்து, கட்டி ஒன்றும் இல்லை, வயதுத் தடுமாற்றம்தான் என்று தெரிந்தால், பதிவு பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத வைத்தியர் ஒருவரிடம் போய் முறையான சரக்காகவே வாங்கலாம். அப்போது இது துணை மருந்து. சளி, பீனிசம், இழுப்பு உள்ளவர்களுக்கு இந்தக் குளிர்ச்சியை நான் கொடுப்பதில்லை, அதுவும் நம் காலநிலையில்.

இப்போது உங்களுக்கு உடனடியாக உதவப் போவது பூவை விடச் சாயத்தண்ணி விஷயம். தேயிலையின் துவர்ப்பு சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். காலையில் ரொட்டியும் சாயத்தண்ணியும், மலையில் பத்து மணிக்கு மறுபடி, மத்தியானச் சோற்றோடு மறுபடி என்று குடிக்கிற நம் பழக்கத்தில் கீரையும் பருப்பும் தின்றும் இரத்தம் ஊறாமல் போகிறது. குடிக்க வேண்டாம் என்று தேயிலை மலையில் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வராது. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னோ பின்னோ தள்ளிக் குடியுங்கள், அவ்வளவுதான். மானெல் இதழின் துவர்ப்பும் அதே வேலையைச் செய்யும் என்பதால், டொக்டர் இரும்புக் குளிசை தந்தால் அதையும் எந்தத் துவர்ப்புக் கஷாயத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்படத் தேவையில்லை, அது குளிசையின் நிறம். நெத்திலி, முருங்கைக்கீரை, பருப்பு, கூடவே ஒரு கொய்யாப்பழம் கிடைத்தால் நல்லது.

எங்கே போவது? தோட்டத்து மிட்வைஃபிடம் சுகவனிதையர் கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். 35, 45 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை அங்கே இலவசம். உங்களுக்கு 46, செய்யாமல் விட்டிருந்தால் இப்போது கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஆனால் அந்தக் கிளினிக்கை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். உங்கள் விஷயத்துக்கு இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பெண்நோயியல் டொக்டரும் வேண்டும், டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தக் குறைவு, 8க்குக் கீழே என்றால் கடுமையானது, மலைக்குப் போகவே கூடாது. ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும் என்று யோசிப்பீர்கள். போகட்டும். ஏற்றத்தில் மயங்கி விழுந்தால் எத்தனை பேர் போகும் என்று கணக்குப் பாருங்கள்.

வீட்டுக்காரர் குளிசையை விடவே கூடாது. ஓலு அரிசி என்பது வெள்ளை அல்லியின் காயிலுள்ள கடுகு போன்ற விதை. குளத்தோரக் கிராமங்களில் சோறு மாதிரி அவித்துச் சாப்பிடுவார்கள், சீனி வருத்தத்துக்கு நல்லது என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. கிடைத்தால் வெள்ளைச் சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் சாப்பிடட்டும். அதிலும் மாச்சத்து இருக்கிறது, கூட்டிப் போட்டுச் சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும்.

மகளின் டீ வேறு பூ. 'ப்ளூ லோட்டஸ்' என்று பெயர் வைத்தாலும் அது தாமரை இல்லை, எகிப்து நாட்டு நீல அல்லி. தூத்தங்காமன் என்ற பழைய எகிப்து அரசனின் கல்லறைக்குள் கிடைத்த பூமாலையிலும் அதன் இதழ் இருந்தது, அந்தக் கதையைச் சொல்லித்தான் விற்கிறார்கள். மயக்கம் தரும் சில சத்துகள் அதில் உண்டு. அதன் சாறு என்று விற்பதைப் புகையாக இழுத்து, நினைவு தடுமாறி, பதற்றத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. ஒன்லைன் பொட்டலத்துக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தூக்கக் குளிசையோ மனநோய்க் குளிசையோ எடுக்கிறவளாக இருந்தாலும், கர்ப்பம் தரித்திருந்தாலும் தொடவே கூடாது. அதை விட, கொழும்பில் தனியாக இருக்கிற பிள்ளைக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் கேளுங்கள்.

கண்ணுக்குள் எந்தப் பூச்சாறும் வேண்டாம். குளத்துத் தண்ணீரிலுள்ள நுண்ணுயிர் கருவிழியைப் புண்ணாக்கினால் பார்வையே போகலாம். சுத்தமான துணியைக் கொதித்தாறிய தண்ணீரில் நனைத்து, மூடிய இமைமேல் பத்து நிமிடம் வையுங்கள். விறகடுப்புப் புகையால் வருகிற எரிச்சலாக இருந்தால் அதுவே போதும்.

டொக்டரிடம் போகும்போது மீதி இதழ்ப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள், கொட்டியிருந்தால் எட்டு நாள் என்ன குடித்தீர்கள் என்று வாயால் சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று பயந்து மறைக்க வேண்டாம். ரிப்போர்ட் வந்ததும் ஹீமோகுளோபின் எண்ணையும், ஸ்கேனில் எழுதியதையும் அப்படியே பார்த்து எனக்கு எழுதி அனுப்புங்கள். அத்தையிடம் இன்னொன்றும் கேட்டு எழுதுங்கள்: அவர் குளக்கரையில் பார்த்த மானெல் என்ன நிறம்?